ஃபிராஸ் நலம்

ஐந்தாம் வார்டு
9 அக்டோபர் 2008

அன்பு அக்கா இப்திஸாமுக்கு,

உன் தம்பி அய்ஹமின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சிரிக்கவும் செய்கிறேன். வாப்பாவின் முழங்கால், மச்சானின் முதுகு, பிள்ளைகளின் சளி எல்லாம் எப்படி இருக்கின்றன? இந்தப் பெருநாளும் போய்விட்டது. போன வருடப் பெருநாளுக்கு வந்தவள்தான் நீ. நம் ஊர் அஜ்லூனிலிருந்து இங்கே ஒன்றரை மணி நேரம். நீ என்னவோ மக்காவுக்கு நடந்தே வருவது போல யோசிக்கிறாய்.

ஒரு நல்ல செய்தி, உட்கார்ந்துகொண்டு படி. ஜனவரியில் என்னைக் குழு முன்னால் நிறுத்தப் போகிறார்கள். மூன்று டாக்டர்கள். ‘குணமாகிவிட்டான்’ என்று அவர்கள் எழுதிவிட்டால் நீதிமன்றம் விட்டுவிடும். வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். மாத்திரை எட்டிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. அந்தக் குரல்கள் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. எங்கள் தலைமை நர்ஸ் பெயர் முன்திர், ஆனால் அபூ கைஸ் என்றுதான் கூப்பிடுவோம். நேற்று அவர் என்னிடம், “டேய், நீயும் போயிட்டா நான் யார்கிட்டடா சீட்டுல ஜெயிக்கிறது?” என்றார். கதவைப் பூட்டுகிறவர் வாயிலிருந்து இப்படி வருவது சும்மா இல்லை.

ஃபிராஸை நினைக்காத நாள் இல்லை அக்கா. எண்ணெய் ஆலையில் அவன் விஷம் கலந்துவிட்டான் என்று ஒரு குரல் சொன்னது, நான் நம்பினேன், ஆலிவ் உதிர்க்கிற கம்பால் அவன் தலையில் அடித்தேன். அது நோய் என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பன்னிரண்டு தையலோடு எழுந்துவிட்டான், என்னை மன்னித்தும் விட்டான் என்று நீ எழுதியதால்தான் அந்த முதல் வருடத்தைத் தாண்டினேன். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் கல்யாணத்தில் ஆட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று எழுதினாயே, இப்போது எத்தனை மாதம்? மரவேலைக் கூடத்தில் தொட்டிலுக்கு ஒரு பொம்மை செதுக்குகிறேன். முதலில் குதிரையாக இருந்தது, இப்போது ஆடாகிவிட்டது.

வாப்பாவின் கையை முத்தமிட்டதாகச் சொல்.

உன் தம்பி
அய்ஹம்

—

28 அக்டோபர் 2008

என் கண்மணி அய்ஹமுக்கு,

அக்காவின் ஸலாம், துஆ. உன் கடிதம் பார்த்து வாப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். முழங்கால் பரவாயில்லை. பிள்ளைகளுக்குச் சளி விட்டுவிட்டது. குளிர் வருகிறது, உள்பனியன் போடாமல் திரியாதே.

குழு கூடப் போகிறது என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அல்லாஹ் லேசாக்கி வைப்பான். இந்த வருடம் மரங்கள் நன்றாகக் காய்த்தன. நம் எண்ணெயில் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன், ரொட்டியில் தொட்டுச் சாப்பிடு.

ஃபிராஸ் நலம். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். பொம்மை விஷயம் சொன்னேன். “ஆடா குதிரையான்னு கேட்டுச் சொல்லுங்க, தொட்டில்ல இருந்து முட்டிடப் போகுது” என்று சிரித்தான். உனக்கு ஸலாம் சொன்னான். பொம்மையை மெதுவாகவே செய், அவசரமில்லை.

டாக்டர்களிடம் பணிவாகப் பேசு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

அக்கா
இப்திஸாம்

—

ஐந்தாம் வார்டு
10 நவம்பர் 2008

சகோதரி இப்திஸாம் அவர்களுக்கு,

ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழகியவன் அல்ல, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வார்டின் சட்டப்படி உள்ளே வருகிற, வெளியே போகிற கடிதம் எல்லாவற்றையும் நான் படித்தாக வேண்டும். உங்கள் உறையில் இருக்கும் அகபா தபால் முத்திரையைக் கிழித்துக் குப்பையில் போடுவதும், அவன் உறையில் அஜ்லூன் விலாசத்தை அடித்துவிட்டு அகபா என்று எழுதுவதும் நான்தான். அதனால் அய்ஹமுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஃபிராஸ் அடிபட்ட மூன்றாம் நாள் இறந்துபோனார். கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு குலத்துப் பெரியவர்களும் கூடி, உங்கள் குடும்பம் அஜ்லூனில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து அகபாவுக்கு அனுப்பியதும் அதிலேயே இருக்கிறது. அய்ஹமுக்கு அந்த நாட்கள் நினைவில் இல்லை. விசாரணையின்போது தன் பெயரே தெரியாத நிலையில் இருந்தான்.

முதலில் பார்த்த டாக்டரிடம் நீங்கள் கெஞ்சினீர்கள். தேறும்வரை சொல்ல வேண்டாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார், நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டோம். அவர் ரியாத் போய்விட்டார். இப்போது இருப்பவர் மூன்றாவது ஆள். அய்ஹமுக்கு எல்லாம் தெரியும் என்றே இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

குழு முதலில் கேட்கப் போவதே ஃபிராஸைப் பற்றித்தான். அப்போது இவன் என்ன சொல்வான்? மனைவிக்கு ஏழாம் மாதம் என்பானா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள் சகோதரி, நானும் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். ஜனவரிக்கு முன்னால் வந்து சொல்லிவிடுங்கள்.

எண்ணெய்ப் புட்டியில் கடை லேபிளைச் சுரண்டிய பிசின் அப்படியே இருந்தது. ஒரு வாய் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு அவன் சொன்னான்: “இது நம்ம மரத்து எண்ணெய் இல்லையே அபூ கைஸ். அக்காவை ஆலைக்காரன் ஏமாத்திட்டான் போல.”

முன்திர்

—

அகபா
24 நவம்பர் 2008

மதிப்புக்குரிய சகோதரர் அபூ கைஸ் அவர்களுக்கு,

ஸலாம். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளைக் கேட்கிறேன். உங்கள் கடிதத்தை வாப்பாவிடம் காட்டவில்லை.

நோயாளியின் காதில் மவுத்துச் செய்தி போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. என் பெரியப்பா இதய நோயில் கிடந்தபோது அவர் மகன் விபத்தில் போய்விட்டான். ‘ஓமானில் வேலை கிடைத்துப் போய்விட்டான்’ என்று நாற்பது நாள் சொன்னோம். மகனுக்கு துஆ கேட்டுக்கொண்டே நிம்மதியாகக் கண்ணை மூடினார். அதை ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை.

அய்ஹம் பிடிபட்ட அன்றைக்கே உயிரை விடப் பார்த்தவன். அதுவும் உங்கள் கோப்பில் இருக்கும். நான் பார்க்க வந்தபோது அவன் கேட்ட முதல் வார்த்தை, “ஃபிராஸ் உயிரோட இருக்கானா?” நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்? அடுத்த கடிதத்தில் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். நலம் என்றேன். என்ன செய்கிறான் என்று கேட்டான். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இருபத்தாறு வயசுப் பையன் சும்மா இருக்கிறான் என்று எத்தனை நாள் எழுதுவது? கல்யாணம் பண்ணி வைத்தேன். உண்மையைச் சொன்னால், எழுதும்போது எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஃபிராஸ் என் கையிலும் வளர்ந்த பிள்ளை.

நேரில் வராததற்கும் அதுதான் காரணம். காகிதம் என்னைக் காட்டிக்கொடுக்காது, முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அவன் வெளியே வரட்டும். வீட்டில் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு நானே சொல்கிறேன். பூட்டிய அறைக்குள் தனியாக அவன் அதைக் கேட்கக் கூடாது. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அதுவரை பொறுங்கள்.

இப்திஸாம்

—

ஐந்தாம் வார்டு
6 ஜனவரி 2009

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். நலம், நலமே ஆகட்டும். மூக்கு மட்டும் ஒழுகுகிறது. தினமும் பருப்பு சூப், இப்போது என் ரத்தமே மஞ்சளாகத்தான் இருக்கும்.

குழு ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. பொம்மையை அனுப்பிவிட்டேன். கடைசியில் ஆடுதான். குழந்தை பிறந்திருக்க வேண்டுமே! ஆணா, பெண்ணா? என்ன பெயர்? உடனே எழுது.

அபூ கைஸ் எனக்குப் பயிற்சி கொடுக்கிறார். அவரே டாக்டர் மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு கேள்வி கேட்கிறார். “மருந்தை நிறுத்தினா என்னாகும்?” “திரும்ப வந்துடும் டாக்டர்.” “குரல் கேட்டா என்ன செய்வே?” “அக்காகிட்ட சொல்லுவேன், நேரா இங்க வருவேன்.” எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். அப்புறம், “நீ அடிச்ச ஆளைப் பத்திக் கேட்டா?” என்றார். “நல்லா இருக்கான், என்னை மன்னிச்சுட்டான், அவன் பிள்ளைக்கு ஆடு செஞ்சு அனுப்பியிருக்கேன்னு சொல்லுவேன்” என்றேன். மனுஷன் எழுந்து சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறார். தொண்டை சரியில்லாதவருக்கு சிகரெட் எதற்கு?

கையெழுத்துப் போட வாப்பா வருவாரா, நீ வருவாயா? நீ வா.

அய்ஹம்

—

14 ஜனவரி 2009

கண்மணிக்கு,

அக்காவின் ஸலாம், துஆ. நாங்கள் எல்லோரும் நலம். மூக்கு ஒழுகினால் மைரமிய்யா இலை போட்டுத் தேநீர் கேட்டு வாங்கிக் குடி.

பெண் குழந்தை. ஜூரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆடு வந்து சேர்ந்தது, தொட்டிலில் கட்டிவிட்டார்கள்.

அய்ஹம், குழுவில் ஃபிராஸைப் பற்றி நீயாக எதுவும் பேசாதே. கேட்டாலும், ‘அவனை நினைத்து வருத்தப்படுகிறேன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடு. காரணம் கேட்காதே, அக்கா சொல்வதைக் கேள். நான் செவ்வாய்க்கிழமை நோன்பு வைக்கிறேன்.

இப்திஸாம்

—

ஐந்தாம் வார்டு
21 ஜனவரி 2009

சகோதரி இப்திஸாம் அவர்களுக்கு,

ஸலாம். நேற்று குழு கூடியது. நான் கதவருகே நின்றேன்.

அரை மணி நேரம் பையன் அருமையாகப் பேசினான். நடுவில் இருந்த பெரிய டாக்டர் சிரிக்கக்கூடச் செய்தார். கோப்பை மூடப் போகிற நேரத்தில் கேட்டார், “நீ அடிச்சியே, அந்த ஃபிராஸ். அவரைப் பத்தி என்ன நினைக்கிறே?”

“வருத்தப்படுறேன் டாக்டர்.”

நீங்கள் எழுதியபடி அதோடு நிறுத்தினான். அவர் விடவில்லை.

“அவர் இப்ப எங்க இருக்கார்?”

“வீட்டுலதான். நல்லா இருக்கான். இப்பதான் பொண்ணு பொறந்திருக்கு.”

“நிச்சயமா தெரியுமா?”

“சத்தியமா டாக்டர். எனக்கு ஸலாம்கூடச் சொல்லி அனுப்புறான்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவன் இவனுக்கு ஸலாம் சொல்லி அனுப்புகிறானாம். ‘இன்னும் குரல் கேட்கிறது, மறைக்கிறான்’ என்று எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று கோப்பை மூடினார்கள். மாத்திரையை மறுபடி ஆறாக ஏற்றிவிட்டார்கள்.

நான் அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். இருபது வருட வேலை, போய்விடுமோ என்று பயந்தேன். மாலையில் எங்கள் வார்டு டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேசையைத் தட்டிக் கத்தினார். கத்தி முடித்துவிட்டுச் சொன்னதுதான் முக்கியம்: “சரி, குணமாயிட்டான்னே வெச்சுக்குவோம். தான் என்ன செஞ்சான்னு தெரியாதவனை எப்படிய்யா வெளியே விடறது? நாளைக்கு கடைத்தெருவுல எவனாவது ‘கொலைகாரா’ன்னு கூப்பிட்டா அவன் என்ன ஆவான்?”

மாத்திரையைக் குறைக்கிறேன் என்றார். ஆனால் குழு எழுதியது எழுதியதுதான். ஜூலைக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருந்தால்தான் மறுபடி குழு முன்னால் நிறுத்துவாராம்.

வாருங்கள். கடிதம் வேண்டாம், நீங்களே வாருங்கள்.

முன்திர்

—

23 ஜனவரி 2009

அக்கா,

ஸலாம். நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள். நான் நலமில்லை.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஃபிராஸ் நன்றாக இருக்கிறான் என்று சொன்னதும்தான் அவர்கள் முகம் மாறியது. அவர்கள் நம்பவில்லை, அதுதான் விஷயம். பைத்தியக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனால் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஃபிராஸையே கூட்டிக்கொண்டு வா. வந்து ஐந்து நிமிடம் அவர்கள் முன்னால் நிற்கட்டும். தழும்பைக் காட்டட்டும். முடிந்தால் ஜூரியையும் தூக்கி வரட்டும். அவன் மறுக்க மாட்டான். மாட்டான்தானே? அபூ கைஸிடம் சொன்னேன், காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மருந்தில் கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. சீக்கிரம் பதில் போடு.

அய்ஹம்

—

அகபா
19 பிப்ரவரி 2009

அய்ஹம்,

அபூ கைஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இதைப் படி. அவர் இல்லையென்றால் மடித்து வைத்துவிடு.

போன வாரம் நான் வந்தேன். நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து, உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியிடம் அடையாள அட்டையைக்கூடக் கொடுத்துவிட்டேன். அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். உன் அக்கா கோழை. அதனால் இதையும் காகிதத்தில்தான் சொல்கிறேன்.

ஃபிராஸ் இல்லை. நீ அடித்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டான். பன்னிரண்டு தையல் பொய். கல்யாணம் நடக்கவில்லை. மனைவி இல்லை. ஜூரி என்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. எல்லாம் நான் எழுதியது. நீ அனுப்பிய ஆடு என் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது.

நாங்கள் அஜ்லூனில் இல்லை. அதே வாரம் ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. மரங்களில் யார் காய் பறிக்கிறார்கள் என்று தெரியாது. எண்ணெய் கடையில் வாங்கியது.

அவன் உம்மா எங்களைச் சபித்தாள். அது அவளுடைய உரிமை. ஒன்று மட்டும் சத்தியம், கையில் கம்பு இருந்தாலும் அதை ஓங்கியது நோய். ஆனாலும் அவன் போனது போனதுதான், அதை இனி நான் மாற்றி எழுத மாட்டேன்.

நீ உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். நீ அங்கேயே கிடப்பதற்கும் அதுவே காரணமாகிவிட்டது. என்னைத் திட்டு. அடிக்க வேண்டுமானால் வெளியே வந்து அடி. செத்து மட்டும் போகாதே. இதைத் தவிர உன்னிடம் கேட்க எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

இப்திஸாம்

—

ஐந்தாம் வார்டு
1 மார்ச் 2009

சகோதரிக்கு,

ஸலாம். உயிரோடு இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை உணவுக்குப் பிறகு டாக்டரும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தோம். ஒரு தடவை படித்தான். என்னைப் பார்த்து, “உங்களுக்கும் தெரியுமா?” என்றான். தெரியும் என்றேன். “சீட்டாடும்போதும் தெரியுமா?” என்றான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஐந்து நாளாக வாய் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை, குளுக்கோஸ் ஏற்றுகிறோம். தனி அறையில் வைத்திருக்கிறோம், இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு ஆள் கூடவே இருக்கிறான். பெரும்பாலும் அந்த ஆள் நான்தான்.

இப்போதைக்கு அவனுக்கு எழுதாதீர்கள். அவனாக எழுதட்டும்.

முன்திர்

—

ஐந்தாம் வார்டு
22 ஜூலை 2009

இப்திஸாம் அக்காவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலம் என்று எழுதினாலும் நம்ப எனக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

ஐந்து மாதமாக உனக்கு எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் திட்டுதான். ஃபிராஸுக்காக அழுதேன், அது நியாயம். ஜூரிக்காகவும் அழுதேன். அவளுக்குப் பல் முளைக்கிற மாதம் எது என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பிறக்காத பிள்ளைக்கு எப்படி அழுவது என்று இங்கே எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. நான் கொன்றது ஒருவனை அக்கா, புதைக்க வேண்டியிருந்தது ஒரு குடும்பத்தை. அந்த மீதிப் பேர் உன் பொறுப்பு. இதைச் சொல்லாமல் உன் முகத்தில் விழிக்க முடியாது, அதனால் சொல்லிவிட்டேன்.

நேற்று குழு. அதே மூன்று பேர். “ஃபிராஸ் எங்க?” என்று கேட்டார்கள். “அஜ்லூன் மையவாடியில புதைஞ்சு கிடக்கான். நான்தான் கொன்னேன்” என்றேன். பெரிய டாக்டர், “இப்ப உனக்கு எப்படி இருக்கு?” என்றார். “போன தடவை வந்தப்ப நல்லா இருந்தேன் டாக்டர். இப்ப வலிக்குது. நாள் பூரா வலிக்குது” என்றேன். குணமாகிவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள்.

அபூ கைஸோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் சீட்டுக்கட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். ஆடினோம். இன்னமும் ஏமாற்றித்தான் ஜெயிக்கிறார்.

நீதிமன்றத்துத் தாள் சனிக்கிழமைக்குள் வந்துவிடுமாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வா. வாப்பா வேண்டாம், மச்சான் வேண்டாம், நீ மட்டும் வா. அடையாள அட்டையைக் கொடுத்தால் திருப்பி வாங்காமல் உள்ளே வா. கையெழுத்துப் போட்டுவிட்டு, அகபா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார். நான்கு மணி நேரம் இருக்கிறது.

அந்த நான்கு மணி நேரத்தில் ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று நாளில் ஃபிராஸ் ஏதாவது பேசினானா? பேசியிருந்தால் என்ன பேசினான் என்று சொல். என்னைச் சபித்திருந்தாலும் சொல். கண்ணே திறக்கவில்லை என்றால் திறக்கவில்லை என்று சொல். நீயாக ஒரு வார்த்தை சேர்க்காதே அக்கா.

உன் தம்பி
அய்ஹம்